எங்க பள்ளிக்கூடத்தை மாமா ஏலம் எடுத்த கதை

போன வருஷம் ஆனி மாசம் ஒரு நாள் காலைல பல்லு வெளக்கிட்டு இருக்கும்போது மாமாகிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு போட்டோ. ஒன்றிய ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டிருந்த ஒரு பேப்பர், பாதி வெளிச்சம் அடிச்சு பாதி மங்கலா. கீழ "மாப்ள இது நீ படிச்ச பள்ளிக்கூடம்தான?"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ்.

பெரிசு பண்ணிப் பாத்தா, ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி, பழுதடைந்த ஓட்டுக் கட்டடம் ஒன்று, கான்கிரீட் கட்டடம் ஒன்று, இரண்டையும் இடித்து அப்புறப்படுத்தி பொருட்களை எடுத்துக்கொள்ள "உள்ளது உள்ளபடியே" பொது ஏலம், முன்வைப்புத் தொகை (ஏலம் கேக்கறவங்க முன்கூட்டியே கட்டுற காசு) 5,000. ஆமா எங்க பள்ளிக்கூடம்தான். அந்த ஓட்டுக் கட்டடத்துலதான் நான் ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் படிச்சேன், மழை பெஞ்சா மூணாப்பு பசங்க எல்லாம் நாலாப்பு பக்கம் நகந்து உக்காருவோம், அந்த அளவுக்குத்தான் அப்பவே அது இருந்துச்சு.

மாமாவுக்கு தொழிலே இதுதான். பழைய வீட்டை இடிச்சு மரம், ஓடு, கதவு, ஜன்னல், கம்பி, செங்கல்லுன்னு பிரிச்சு விக்கிறது. பைபாஸ் ஓரமா ஒரு ஷெட் இருக்கு. அவருக்கு அந்த பேப்பர் ஒரு சரக்கு, எனக்கு வேற. ஆனா அன்னைக்கு "நீயும் வா, ஒரு டிடி எடுக்கணும், ஒம் பேருல"ன்னு, அதாவது முன்வைப்புத் தொகைக்கு பேங்க்ல வரைவோலை எடுக்கணும்னு சொன்னப்ப ஏன் எதுக்குன்னு கேக்காம சரின்னுட்டேன். டம்மி ஏலதாரர்ன்னு ஒரு பதவி இருக்குன்னே எனக்கு அப்ப தெரியாது.

இந்த பதிவை எழுதக் காரணம், பள்ளிக்கூடக் கட்டடத்தை அரசாங்கம் எப்படி கழிச்சுக் கட்டுதுன்னு நம்மள்ல பல பேருக்கு தெரியாது. "இடிச்சுட்டாங்க"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிருவோம். யாரு இடிச்சா, சாமான் எங்க போச்சு, காசு யார் கணக்குல ஏறுச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. நானும் கேட்டதில்ல.

மொதல்ல அந்தக் கட்டடம் யாருதுங்கற விஷயம். நாம என்ன நெனைக்கிறோம், கவர்மெண்டு ஸ்கூல்னா கல்வித்துறையோடதுன்னு. தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி போர்டை உத்துப் பாருங்க, "ஊராட்சி ஒன்றிய"ன்னு எழுதிருக்கும். 1958 பஞ்சாயத்து சட்டம் வந்து 1960-61ல ஒன்றியங்கள் அமைஞ்சப்ப கிராமத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றியத்துக்கு கீழ வந்துச்சு, வாத்தியாருக்கு சம்பளமும் ஒன்றியம்தான். அப்புறம் எம்ஜிஆர் ஆட்சியில 1981 ஜூன் 1ல இருந்து ஒன்றிய ஆசிரியர்கள் எல்லாரும் அரசு ஊழியர் ஆயிட்டாங்க. ஆனா கட்டடம் ஒன்றியத்துகிட்டயே நின்னுருச்சு. அதனால டீச்சர் ஒரு டிபார்ட்மெண்ட்டு, தலைக்கு மேல இருக்குற ஓடு இன்னொரு டிபார்ட்மெண்ட்டு. சத்துணவுக்கூடத்துல இருக்குற அண்டா சமூக நலத்துறை. இதுல ஒரு ஓடு ஒடஞ்சா ஹெச்எம் யாருக்கு எழுதணும், எழுதினா யார் வருவாங்கங்கறது தனி கதை. எங்க ஹெச்எம் டீச்சர் சொன்னாங்க, "தம்பி நான் இந்த ஸ்கூலுக்கு வந்து ஒம்பது வருஷம், ஓட்டுக் கட்டடத்துக்கு மட்டும் பதினோரு லெட்டர் எழுதிருக்கேன், எல்லாத்துக்கும் நகல் வச்சிருக்கேன்"ன்னு. நகலை காட்டவும் செஞ்சாங்க. நாளைக்கு ஏதாவது ஆனா தப்பிக்கணுமே, அதுக்குதான் நகல், பாவம்.

நாளைக்கு ஏதாவது ஆனாங்கறது சும்மா சொல்ற பேச்சு இல்ல. 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ, 94 புள்ளைங்க. அதுக்கப்புறம்தான் பள்ளிக்கூடத்து மேல இருந்த கீத்துக் கூரையெல்லாம் எறங்குச்சு. 2021 டிசம்பர் 17 திருநெல்வேலில ஒரு உதவி பெறும் பள்ளிக்கூடத்துல கழிப்பறை சுவர் இடிஞ்சு மூணு பசங்க செத்துப்போனாங்க. அந்த வாரமே எல்லா மாவட்டத்துலயும் லிஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, எது எது பழுது, எது எது உடனே இடிக்கணும்னு. எங்க ஓட்டுக் கட்டடம் அந்த லிஸ்ட்டுல ஏறுனது அப்பதான். ஏறி மூணரை வருஷம் கழிச்சு ஏலம். அது வரைக்கும் என்ன பண்ணாங்கன்னா கட்டடத்தைச் சுத்தி ஒரு கயிறு கட்டி "அருகில் செல்லாதே"ன்னு ஒரு அட்டை தொங்கவிட்டாங்க. அட்டை மழைல கரைஞ்சிருச்சு, கயித்தை யாரோ ஆடு கட்ட அவுத்துட்டுப் போயிட்டாங்க.

ஏன் அவ்ளோ நாளுன்னா, அந்த ஃபைலு போற ஊரு அப்படி. ஹெச்எம் எழுதணும், பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) பரிந்துரைக்கணும், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்க்கு போகணும், ஒன்றிய எஞ்சினியர் வந்து பாத்து "பழுதுபார்க்க இயலாத நிலை"ன்னு சர்டிபிகேட் தரணும், மாவட்ட அளவுல ஒப்புதல் வாங்கணும், மறுபடி ஒன்றியக் குழு தீர்மானம் போடணும், அப்புறம் மதிப்பீடு, அப்புறம் ஏல நோட்டீஸ். எங்க ஃபைலு தீர்மானத்துக்கு வர்ற நேரம் பாத்து ஒன்றியக் குழுவே இல்ல. 2025 ஜனவரி 5ம் தேதியோட பெரும்பாலான மாவட்டத்துல ஊரக உள்ளாட்சி பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் தேர்ந்தெடுத்த ஆளுங்களுக்குப் பதிலா அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான். தீர்மானமும் அவரே போட்டுக்கலாம், அமல்படுத்துறதும் அவரே. ஒரு வகைல பாத்தா அதனாலதான் ஃபைலு நகந்துச்சுன்னும் சொல்லலாம். கேள்வி கேக்க ஒரு கவுன்சிலரும் இல்லன்னும் சொல்லலாம்.

சரி, இப்ப மதிப்பீட்டுக்கு வருவோம், இதுலதான் விளையாட்டே இருக்கு.

ஏலத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி மாமா என்னையும் கூட்டிட்டு எடத்தைப் பாக்கப் போனாரு. சனிக்கிழமை, ஸ்கூல் லீவு. நான் ஓட்டுக் கட்டடத்துக்குள்ள நின்னு எங்க உக்காந்திருந்தேன், ராஜேந்திரன் எங்க வாந்தி எடுத்தான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன், மாமா மேல பாத்துக்கிட்டே நடக்குறாரு. கீழயே பாக்கல. உத்தரம், கைமரம் எல்லாத்துக்கும் பச்சை பெயிண்ட், எத்தனை வருஷமா எத்தனை கோட்டோ. இடுப்புல இருந்து ஒரு சின்ன கத்தியை எடுத்து, ஒடஞ்ச ஜன்னல் மேல ஏறி நின்னு, உத்தரத்து ஓரத்துல ஒரு கீறு கீறினாரு. பச்சை பெயிண்டு உரிஞ்சுச்சு, கீழ வெள்ளை, அதுக்கு கீழ ஒரு தேன் கலர். மோந்து பாத்தாரு. என்கிட்ட நீட்டி "மோந்து பாரு மாப்ள"ன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியல, பழைய பீரோவைத் தொறந்தா வருமே அந்த வாசனை மாதிரி லேசா. "தேக்கு. நாலு முக்கோண சட்டமும் தேக்கு. கைமரம் பனை, அது பாதி செல்லரிச்சிருச்சு. ஆனா இது நாலும் தேக்குடா."

மதிப்பீட்டு ஷீட்டுல அது என்னன்னு எழுதிருந்துச்சு தெரியுமா. "நாட்டு மரம்." அதாவது விலை கொறஞ்ச சாதா மரம். அவ்ளோதான். எஞ்சினியர் மேல ஏறி கீறிப் பாக்கணும்னு எந்த விதியும் இல்ல போல, பச்சை பெயிண்ட்டைப் பாத்துட்டு நாட்டு மரம்னு போட்டுட்டாரு, தெரிஞ்சே போட்டாரா தெரியாம போட்டாரான்னு மாமாகிட்ட கேட்டேன். "அதைக் கேக்கக் கூடாது மாப்ள"ன்னுட்டு பீடி பத்த வச்சாரு.

மதிப்பீடு போடுற முறையையும் அவரே சொன்னாரு. கட்டடத்துல இருந்து என்னென்ன சாமான் தேறும்னு கணக்கு பண்ணி, ஓடு இத்தனை, மரம் இத்தனை கன அடி, செங்கல் இத்தனை, கம்பி இத்தனை கிலோ, ஒவ்வொண்ணுக்கும் பழசுன்னு தேய்மானம் கழிச்சு ஒரு ரேட்டு, எல்லாத்தையும் கூட்டி, அதுல இருந்து இடிக்கிற செலவையும் குப்பை அள்ளுற செலவையும் கழிச்சா வர்றதுதான் சர்க்கார் மதிப்பு. அதுக்கு கீழ ஏலம் போகக் கூடாது. எங்க ரெண்டு கட்டடத்துக்கும் சேத்து 46,200 ரூபா. ஜிஎஸ்டி தனி.

ஏன் ரெண்டையும் சேத்துப் போட்டாங்கங்கறது எனக்கு மொதல்ல புரியல. அப்புறம்தான் மாமா கான்கிரீட் கட்டடத்துக்கு கூட்டிட்டுப் போனாரு. அது ரெண்டு ரூமு, ஒரு வராண்டா. 1987ல மத்திய அரசு கரும்பலகைத் திட்டம்னு ஒண்ணு கொண்டாந்துச்சு, ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் ரெண்டு ரூமாவது இருக்கணும், ரெண்டு வாத்தியாராவது இருக்கணும்னு, அந்தக் காலத்து வேகத்துல நாடு முழுக்க இந்த மாதிரி கட்டடம் நெறைய எந்திரிச்சுச்சு. எங்க ஊருக்கு அது வந்து சேந்தப்ப நான் ரெண்டாப்பு. புதுக் கட்டடம்னு எங்களுக்கு அவ்ளோ பெருமை. இன்னைக்கு அதுல மேல்தளம் பூரா பொரிஞ்சு, கம்பி எலும்பு மாதிரி வெளிய தெரியுது, தொட்டா துருவு கொட்டுது. அதுக்கு முப்பது முப்பத்தஞ்சு வயசுதான் இருக்கும், பக்கத்துல நிக்கிற ஓட்டுக் கட்டடம் எங்க தாத்தா காலத்துது. ரெண்டும் ஒரே லிஸ்ட்டுல, ஒரே நாள்ல சாவுது.

"இந்தக் கான்கிரீட்டை சும்மா குடுத்தாலும் எவனும் எடுக்க மாட்டான்"ன்னாரு மாமா. ஜேசிபில பிரேக்கர் மாட்டி ஒடைக்கணும், மணிக்கு இவ்ளோன்னு வாடகை, கம்பியைப் பிரிச்சு எடுக்க ஆளுக்கு கூலி, துரு போக தேறுற கம்பி ஒரு டன்னுக்கு கொஞ்சம் மேல, அது பழைய இரும்பு ரேட்டுக்குத்தான் போகும், செலவும் வரவும் சரியாப் போயிரும், இடிச்ச குப்பையைக் கொட்ட எடம் தேடி அலையணும். தனியா ஏலம் விட்டா ஆளே வராது, மூணு தடவை நாலு தடவை நோட்டீஸ் ஒட்டி ஒட்டி ஓஞ்சுபோயிருவாங்க. பல ஊர்ல இடிக்காம நிக்குற கட்டடம் எல்லாம் இந்த ரகம்தான், ஓட்டுக் கட்டடத்துக்கு நான் நீன்னு வருவான், கான்கிரீட்டுக்கு ஒருத்தனும் வர மாட்டான். அதனால தேக்கை காட்டி கான்கிரீட்டை தள்ளிவிடறாங்க. ஆடு வாங்குனா கொம்பு இலவசம் மாதிரி, ஆனா கொம்பை அறுக்குற செலவு உன்னுது. இந்த ஒரு விஷயத்துல ஒன்றிய ஆபீஸ்காரங்க மூளையை நான் பாராட்டுவேன்.

உள்ள சாமான் எதுவும் ஏலத்துல சேராது. பெஞ்சு, பீரோ, நாற்காலி இதெல்லாம் இருப்புப் பதிவேட்டுல நம்பர் போட்டு ஏறிருக்கும், கட்டடத்தோட சேத்து அதை விக்க முடியாது, தனியா கழிவுப் பட்டியல் போட்டு, இனி உதவாதுன்னு கண்டம் பண்ண அதிகாரி வந்து பாத்து கையெழுத்துப் போட்டு, அதுக்கப்புறம்தான் எடைக்குப் போடலாம். ஒரு கால் ஒடஞ்ச ஸ்டூலுக்கு இவ்ளோ வேலை யாரு பாப்பா? அதனால எந்த ஹெச்எம்மும் எதையும் கழிக்கிறதில்ல, ஒரு ரூமுல போட்டுப் பூட்டிருவாங்க. இப்ப அந்த ரூமையே இடிக்கப் போறதால எல்லாத்தையும் தூக்கி, இருக்குற ஒரே நல்ல கட்டடத்துல ஒரு வகுப்பறைல அடைச்சிட்டாங்க. மொத்தம் பதினாலு புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம், நல்ல ரூமு ரெண்டு, அதுல ஒண்ணு ஒடஞ்ச ஸ்டூலுக்கு.

தூக்கிப் போட நானும் ஒரு கை குடுத்தேன். ஒரு இரும்பு பீரோவுக்குள்ள பழைய பாடப்புத்தகம் கட்டுக் கட்டா. சமச்சீர் கல்வி புத்தகம், 2011ல ஆட்சி மாறுனதும் அந்தப் புத்தகத்தை குடுக்கலாமா வேணாமான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், கடைசில குடுக்கச் சொல்லி ஆகஸ்ட்டுலதான் புள்ளைங்க கைக்கு வந்துச்சே, அது. அங்கங்க ஸ்டிக்கர் ஒட்டிருக்கும், முன்னாடி ஆட்சி சம்பந்தமா என்ன இருந்தாலும் அது மேல. இத்தனை வருஷத்துல பசை காஞ்சு ஸ்டிக்கரு தானா உரிஞ்சு வந்துருச்சு, கீழ இருந்தது பளிச்சுன்னு தெரியுது. நானும் ஹெச்எம் டீச்சரும் பாத்து சிரிச்சுக்கிட்டோம். இன்னொரு அலமாரில ஏபிஎல் அட்டைங்க, செயல்வழிக் கற்றல்னு 2007 வாக்குல எல்லா ஸ்கூலுக்கும் வந்துச்சே அந்த அட்டை, கரையான் நடுவுல ஓட்டை போட்டு வச்சிருக்கு. அந்த முறை வந்தப்ப சுவத்துல கீழ, தரையில இருந்து ரெண்டடி ஒசரத்துக்கு சுத்தி கருப்பு பெயிண்ட் அடிச்சாங்க, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு கட்டம், உக்காந்த எடத்துலயே எழுதிக்கலாம். நான் படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் வந்தது அது. கான்கிரீட் ரூமுல அந்த கருப்பு பட்டை அப்படியே இருக்கு, ஒரு கட்டத்துக்கு மேல ஒரு பேரு, சாக்பீஸ்ல எழுதுனது இல்ல, பெயிண்டுல டீச்சர் எழுதுனது. பேரு வேணாம். அந்தப் பொண்ணு இப்ப எங்க தெருவுலதான் மருமகளா இருக்கு, போட்டோ எடுத்து அனுப்புனேன், ஒரு ஹார்ட்டு போட்டுச்சு.

ஒண்ணே ஒண்ணு சொல்லணும், அட்மிஷன் ரெஜிஸ்டரை மட்டும் டீச்சர் தன் கையாலேயே தூக்கிட்டுப் போனாங்க, யாருகிட்டயும் குடுக்கல. பள்ளிக்கூடமே மூடுனாலும் அது அழியக் கூடாத பதிவேடு. பொறந்த தேதிக்கு வேற சான்று இல்லாத பெருசுங்க இன்னும் அதைத் தேடி வர்றாங்களாம்.

ஏல நாள். பதினோரு மணின்னு நோட்டீஸ்ல இருந்துச்சு, மாமா என்னைய ஒம்பது மணிக்கே ஒன்றிய ஆபீஸ் எதுத்தாப்ல இருக்குற டீக்கடைக்கு வரச் சொல்லிட்டாரு. போனா அங்க ஏற்கனவே ஆறேழு பேரு. எல்லாரும் மாமாவுக்கு பழக்கம், ஒருத்தரு கம்பி யாவாரி, ஒருத்தரு செங்கச்சூளை, ஒருத்தரு சும்மா, அவருக்கு ஏலம் கேக்குறதே தொழில், எடுக்க மாட்டாரு. வடை வந்துச்சு, டீ வந்துச்சு. யாரு எடுக்கறது, எவ்ளோல நிறுத்தறதுன்னு பேச்சு. சத்தமே இல்ல, கல்யாண வீட்டுல சாப்பாட்டு மெனு பேசற மாதிரி பேசுறாங்க.

அப்புறம் பதினொன்றரைக்கு ஹாலுக்குள்ள ஏலம். டிடி கட்டுன ஏழு பேரு உக்காந்திருக்கோம், ஏழுல ஒண்ணு நான். ஒரு கிளார்க் நிபந்தனை படிச்சாரு, முப்பது நாளுக்குள்ள இடிச்சு தரைமட்டம் பண்ணி குப்பையை அப்புறப்படுத்தணும், பக்கத்துக் கட்டடத்துக்கு சேதம் வந்தா ஏலம் எடுத்தவர் பொறுப்பு, வளாகத்தில் நிற்கும் மரங்கள் ஏலத்தில் சேராது, ஸ்கூல் நேரத்துல இடிக்கக் கூடாது. சர்க்கார் மதிப்பு 46,200. ஒருத்தரு 46,500ன்னாரு. இன்னொருத்தரு 47,000. மாமா என் தொடையை ஒரு தட்டு தட்டுனாரு, நான் 47,500ன்னேன், தொண்டை அடைச்சுருச்சு. மாமா 48,700ன்னாரு. அவ்ளோதான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஆறு நிமிஷம்கூட ஆகல.

மறுபடி டீக்கடை. இப்பதான் நெசமான ஏலம். உள்ஏலம்ங்கறாங்க, உள்ள கொறச்சு எடுத்ததை எங்களுக்குள்ளயே திரும்ப ஏலம் கேட்டு, வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கறது. அதே ஏழு பேரு, ஒரு துண்டுப் பேப்பர், இந்தத் தடவை எல்லாருக்கும் வேகம் வந்துருச்சு, தேக்குன்னு எல்லாருக்குமே தெரிஞ்சிருக்கு. 60, 75, 90ன்னு ஏறி 1,15,000ல மாமா கையில நின்னுச்சு. ஒன்றியத்துக்கு 48,700. மிச்சம் 66,300ல 12,300 "செலவு"ன்னு ஒதுக்கிட்டாங்க, என்ன செலவுன்னு யாரும் கேக்கல நானும் கேக்கல. பாக்கி 54,000, மாமா போக ஆறு பேருக்கு ஆளுக்கு 9,000. அந்த ஆறுல ஒண்ணு நான். என் 9,000 என் பாக்கெட்டுல ஏறி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு மாமா பாக்கெட்டுக்குப் போயிருச்சு. அதுக்குதான் என்னைய கூட்டிட்டுப் போயிருக்காரு, ஒரு பங்கு மிச்சம்.

வீட்டுக்கு வர்ற வழில கேட்டேன், மாமா இது தப்பில்லையா, அந்த 66,000 ஒன்றியத்துக்குப் போயிருந்தா பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் செஞ்சிருப்பாங்கல்லன்னு. அவரு சிரிக்கல. "மாப்ள, ஏலக்காசு ஒன்றியம் பொது நிதில விழும். அதுல உங்க ஸ்கூலுக்குன்னு ஒரு குண்டூசி வாங்கணும்னாலும் திரும்ப ஒரு ஃபைலு. நான் இந்தக் கூட்டணி ரிங்குல சேரலன்னா நாளைக்கு எந்த ஏலத்துலயும் என்னைய கேக்க விட மாட்டானுக." எனக்கு பதில் சொல்ல வரல. அந்த டீயையும் வடையையும் நானும்தான் சாப்பிட்டேன்.

ஆனா யோசிச்சுப் பாத்தா இதைச் சரிபண்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. மரத்தைத் தனி லாட்டா போடு, என்ன மரம்னு தெரிஞ்ச ஒருத்தரை வச்சு மதிப்பு போடு. நோட்டீஸை ஆபீஸ் சுவத்துல மட்டும் ஒட்டாம நாலு ஊரு தாண்டித் தெரியிற மாதிரி ஆன்லைன்ல விடு. காரைக்குடில பழைய வீட்டு மரச்சாமான் விக்கிற தெருவே இருக்கு, அங்க இருக்குற ஒரே ஒரு யாவாரிக்கு இந்த நோட்டீஸ் கண்ணுல பட்டிருந்தா டீக்கடை கூட்டணி அன்னைக்கே ஒடஞ்சிருக்கும். ஏன்னா மாமா அந்த நாலு சட்டத்தையும் கடைசில அங்கதான் ஏத்தி அனுப்புனாரு.

இதுல ஒரு ஆறுதல், நம்ம ஊர்ல கட்டடத்தைத்தான் விக்கிறாங்க, எடத்தை விக்கிறதில்ல. ஃபிலடெல்ஃபியால இருக்குற என் ஃபிரண்டு ஒருத்தன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னப்ப அவன் அங்க இருக்குற பாக் டெக்னிக்கல் ஹைஸ்கூல் போட்டோ அனுப்புனான். 1930கள்ல கட்டுன எட்டு மாடிப் பள்ளிக்கூடம், தையல், தச்சு, பேக்கரின்னு கைத்தொழில் சொல்லிக்குடுத்த எடம். 2013ல அந்த ஊரு பள்ளி நிர்வாகம் காசு இல்ல, புள்ளைங்க இல்லன்னு ஒரே வருஷத்துல இருபதுக்கு மேல பள்ளிக்கூடத்தை மூடுச்சு, அதுல இதுவும் ஒண்ணு. எடத்தோட சேத்து 17.5 லட்சம் டாலருக்கு ஒரு டெவலப்பர் கம்பெனிக்கு வித்துட்டாங்க. இப்ப வகுப்பறை எல்லாம் வாடகைக்கு, உள்ள கைவினைக்காரங்க, சின்னச் சின்ன கம்பெனிங்க, மொட்டை மாடில பார். அங்க படிச்ச ஏழைப் புள்ளைங்க வீட்டுல எல்லாம் எங்க கிளாஸ்ரூமுக்கு மேல தண்ணி அடிக்கிறீங்களான்னு கோவம், இன்னொரு பக்கம் இடிக்காம உசுரோட வச்சிருக்காங்களேன்னு பாராட்டு. அதே வருஷம் சிகாகோலயும் கிட்டத்தட்ட அம்பது பள்ளிக்கூடத்தை மூடிட்டு, அந்தக் கட்டடங்களை என்ன பண்றதுன்னு தெரியாம பல வருஷம் முழிச்சாங்க. ஃபிரண்டு கேட்டான், உங்க ஊர்லயும் மூடுறாங்களான்னு. மூடுறாங்கதான், "மூடல்"ங்கற வார்த்தையைச் சொல்ல மாட்டாங்க அவ்ளோதான். 2019ல ஒரு புள்ளைகூட இல்லாத 46 பள்ளிக்கூடத்தை நூலகமா மாத்தறோம்னு அறிவிச்சாங்க, தற்காலிகமாத்தான், புள்ளைங்க வந்தா திரும்ப தொறப்போம்னு. எங்க பதினாலு பேருல அஞ்சு பேரு அடுத்த வருஷம் ஆறாப்பு போயிருவாங்க. மிச்சத்தை நீங்களே கழிச்சுக்கோங்க.

எடத்தை விக்கிறதில்லன்னு சொன்னேன்ல, அதுக்கு அரசாங்கத்தோட நல்ல மனசு மட்டும் காரணம் இல்ல, எடம் யாருதுன்னே தெளிவா இல்ல. எங்க பள்ளிக்கூட எடம் ஊர்ல ஒரு பெரியவர் காமராஜர் காலத்துல குடுத்தது. அந்தக் காலத்துல ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம்னு வந்தப்ப எடம் குடுத்தவங்க எத்தனையோ பேரு, வாயால குடுத்தாங்க, கொஞ்சம் பேரு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க, ரிஜிஸ்டர் பண்ணுனது கொறைவு. பட்டா இன்னும் அந்தப் பெரியவர் பேருலயே இருக்கு. கட்டடம் நின்ன வரைக்கும் யாரும் ஒண்ணும் பேசல. இடிச்சு தரைமட்டம் பண்ணுன மறு வாரமே பேரன் வந்து அந்த எடத்துல வைக்கோல் போரு போட்டுட்டான். கேட்டா "எங்க தாத்தா பள்ளிக்கூடத்துக்குத்தான் குடுத்தாரு, இப்ப பள்ளிக்கூடம் எங்க இருக்கு?"ங்குறான். ஹெச்எம் டீச்சர் பன்னெண்டாவது லெட்டர் எழுதிட்டாங்க.

இடிச்ச கதையை ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. ஓடு ரெண்டாயிரம் இருந்துச்சு, ஒடையாம ஆயிரத்து நானூறு தேறுச்சு, மங்களூர் ஓடு, கவுத்துப் போட்டா கம்பெனி முத்திரை இன்னும் அழியல. கான்கிரீட்டை ரெண்டு நாள் பிரேக்கர் வச்சு ஒடச்சாங்க, தெரு பூரா தூசி. வேப்ப மரத்துல ஒரு பெரிய கிளை ஜேசிபிக்கு இடைஞ்சல்னு வெட்டப் போனாங்க, ஊர்ப் பொம்பளைங்க விடல, ஏலத்துல மரம் சேராதுன்னு நிபந்தனையிலயே இருக்கு, மரத்தை வெட்டணும்னா கோட்டாட்சியரு, மாவட்டப் பசுமைக் குழுன்னு அது தனி பாதை. மரம் தப்பிச்சுருச்சு. இப்ப அந்த நிழல்லதான் வைக்கோல் போரு.

மாமாகிட்ட நாலாப்பு கதவை மட்டும் எனக்கு குடுங்கன்னேன். அதுவும் தேக்கு, நடுவுல ஒரு பலகை மட்டும் மாத்துனது. எடுத்துக்கோன்னாரு, அப்புறம் ஒரு ரேட்டும் சொன்னாரு, மருமகனுக்குன்னு ஐநூறு கொறச்சு. கதவு இப்ப எங்க மாட்டுக்கொட்டகைல சாத்தி வச்சிருக்கு, எந்த நிலைக்கும் அளவு சேரல.

என் பேருல கட்டுன டிடி 5,000, ஏலம் கெடைக்காதவங்களுக்கு உடனே திருப்பித் தருவோம்னு நிபந்தனை ஏழுல தெளிவா இருக்கு. எட்டு மாசம் ஆச்சு. போன வாரமும் போயிட்டு வந்தேன், கிளார்க் மாறிட்டாரு, புதுசா வந்தவரு ஃபைலைத் தேடி எடுத்துப் பாத்துட்டு "நீங்க 47,500 வரைக்கும் கேட்டிருக்கீங்களே, ரொம்ப ஆசைப்பட்டீங்க போல, படிச்ச பள்ளிக்கூடமா?"ன்னாரு. ஆமா சார்ன்னேன். தனி அலுவலர் கேம்ப் போயிருக்காராம், திங்கக்கெழம வரச் சொல்லிருக்காரு.